ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. காரணம் பாதி சோம்பேறித்தனம், மீதி வெட்கம். ஏன்னா கதையில தப்பு பண்ணின ஆள் நான்தான்.

முதல்லயே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. சித்தூர்ல பி.காம். முடிச்சுட்டு, நாலு ஊர் சுத்தி, இப்போ பஹ்ரைன்ல ஒரு பேங்க்ல ரீகன்சிலியேஷன் பிரிவுல ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கேன். அதாவது, நம்ம புத்தகத்துக் கணக்கும் எதிராளி புத்தகத்துக் கணக்கும் ஏன் ஒத்துப்போகலைன்னு நாள் முழுக்கத் தேடற வேலை. லினக்ஸ் எனக்குத் தொழில் இல்லை, தொத்திக்கிட்ட பழக்கம். 2012ல கணியம் மின்னிதழ் வர ஆரம்பிச்சப்போ, இதையெல்லாம் தமிழ்லயே படிக்க முடியுதேன்னு பித்து தலைக்கேறிடுச்சு. வீட்ல இருந்த எல்லாப் பொட்டியிலயும் உபுண்டு போட்டாச்சு. தங்கமணி அதை இன்னும் மன்னிக்கலை :-)

சரி, கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன்.

அப்பா சித்தூர்ல வெல்ல மண்டிகளுக்குக் கணக்கு எழுதினவர். எங்க ஊர் தெரியாதவங்களுக்கு: வேலூர்ல இருந்து பஸ்ல சுமார் ஒரு மணி நேரம். 1953 வரைக்கும் சென்னை ராஜதானியோட இருந்தது, அப்புறம் ஆந்திரா. 1960ல எல்லையைத் திருத்தினப்போ திருத்தணி இந்தப் பக்கம் வந்துடுச்சு, சித்தூரும் திருப்பதியும் அந்தப் பக்கமே தங்கிடுச்சு. அதனால வீட்ல தமிழ், தெருவுல தெலுங்கு, மண்டியில ரெண்டும். அப்பாவோட பேரேடும் அப்படித்தான். ஆளுங்க பேரு தெலுங்குல, தன்னோட குறிப்பு தமிழ்ல.

அவர்கிட்ட ஒரு பழக்கம். ஒரு மண்டியில இருந்து சீட்டு வரலைன்னா அந்த இடத்துல சைபர் போட மாட்டார். பென்சில்ல சின்னதா 'வரணும்'னு எழுதி வைப்பார். "சீட்டு வரலைன்னா யாவாரம் நடக்கலைன்னு அர்த்தமாடா? சீட்டு வரலை, அவ்ளோதான்" என்பார். அந்த வயசுல எனக்கு அது ஒரு பெரியவரோட பிடிவாதமாத்தான் பட்டுது.

2016ல அப்பா போயிட்டார். அக்கா ஏற்கெனவே வரிக் கணக்கு வேலை பார்த்துக்கிட்டு இருந்தாள்; அப்பாவோட மண்டிக்காரங்களும் அவள்கிட்டயே வந்துட்டாங்க. 2018 லீவுல நானும் அவளும் உட்கார்ந்து அப்பாவோட பேரேடு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணினோம். புத்தகங்களை மூணு டிரங்குப் பெட்டியில போட்டு, திருப்பதியில சித்தப்பா வீட்டுக் கீழ் ரூம்ல வெச்சோம். 2021 நவம்பர்ல திருப்பதியில கொட்டின மழை பலருக்கு ஞாபகம் இருக்கும். தண்ணி உள்ள பூந்து மூணு பெட்டியும் கூழாப் போச்சு. அதுக்கப்புறம் அப்பா கையெழுத்துன்னு எங்களுக்கு மிச்சம் அந்த ஸ்கேன்தான்.

அது இருந்த இடம், அக்கா ஆபீஸ்ல நான் கட்டிக் கொடுத்த சர்வர். சர்வர்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு பழைய அசெம்பிள்டு பொட்டி. சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி. கணக்கு ஃபைல்களுக்கு ரெண்டு டெராபைட் டிஸ்க் ஒண்ணு. அதோட நகலுக்கு அதே அளவுல இன்னொண்ணு. ஆபீஸ் விண்டோஸ் பொட்டிகளுக்கு ஃபோல்டரைக் காட்டறது சம்பா. ராத்திரி பத்து மணிக்கு நகல் எடுக்கறது ஆர்சிங்க். (சம்பா 1992, ஆர்சிங்க் 1996. ரெண்டுக்கும் மூலகர்த்தா ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்ங்கிற ஒரே ஆஸ்திரேலியர்! மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.)

இப்போ விஷயத்துக்கு வரேன்.

2024 ஜூலை 26, வெள்ளிக்கிழமை. எனக்கு லீவு, அக்காவுக்கு உயிர் போற நேரம். வருமான வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் ஜூலை 31. எங்க நேரம் சாயங்காலம் அஞ்சு மணி, ஊர்ல ஏழரை. அக்கா போன்.

"டேய், கணக்கு ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்லடா."

"ஒண்ணுமேன்னா?"

"ஒண்ணுமேன்னா ஒண்ணுமே இல்ல. மத்தியானம் கரண்ட் போயி வந்துது. அந்தப் பொண்ணு சாயங்காலம் போட்ட ரெண்டு எக்செல் மட்டும் இருக்கு."

எனிடெஸ்க் வழியா அவள் பொட்டிக்குள்ள போய், அங்கிருந்து சர்வருக்குள்ள நுழைஞ்சேன். முதல் கட்டளை எல்எஸ்பிஎல்கே. மெஷின்ல என்னென்ன டிஸ்க் இருக்குன்னு பட்டியல் போடும். மூணு இருக்கணும். ரெண்டுதான் இருந்தது. கணக்கு டிஸ்க் போன இடம் தெரியலை.

இதுல ஒரு நுணுக்கம். வழக்கமா 'எஸ்டிபி'ன்னு இருந்தது கணக்கு டிஸ்க், 'எஸ்டிசி' நகல் டிஸ்க். இப்போ கணக்கு டிஸ்க் இல்லாததால நகல் டிஸ்க் 'எஸ்டிபி' ஆயிடுச்சு. இந்தப் பேரெல்லாம் பேங்க்ல கொடுக்கற டோக்கன் நம்பர் மாதிரி; இன்னைக்கு உங்களுக்கு, நாளைக்கு வேற ஆளுக்கு. யூயூஐடின்னு ஒரு நீள எண் இருக்கு, அதுதான் அக்கவுண்ட் நம்பர். நல்ல வேளையா எஃப்எஸ்டேப் ஃபைல்ல நான் யூயூஐடியைத்தான் எழுதியிருந்தேன். டோக்கனை எழுதியிருந்தா நகல் டிஸ்க் கணக்கு டிஸ்க் இடத்துல போய் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது டிமெஸ்க். கெர்னல் எழுதற நாளேடு. மெஷின் எழுந்திருக்கும்போது யார் யார் வந்தாங்க, யார் வரலைன்னு எல்லாம் இருக்கும். மூணாவது சாட்டா போர்ட் பக்கத்துல, "லிங்க் இஸ் ஸ்லோ டு ரெஸ்பாண்ட், ப்ளீஸ் பி பேஷண்ட்"னு இருந்தது. ஒரு கெர்னல் நம்மைப் பொறுமையா இருக்கச் சொல்றதைப் படிக்கும்போது சிரிப்பு வரணும். அன்னைக்கு வரலை. அதுக்குக் கீழேயே "காம்ரீசெட் ஃபெயில்டு". கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லைங்கிறதுதான் அர்த்தம்.

மெஷினை நிறுத்தாம மறுபடி தேடச் சொல்ல ஒரு வழி உண்டு. சிஸ் டைரக்டரிக்குள்ள ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் 'ஸ்கேன்'னு ஒரு ஃபைல் இருக்கும்; அதுல இடைவெளி விட்டு மூணு சின்னக் கோடு எழுதணும். எல்லா சேனல்லயும் எல்லா இடத்துலயும் தேடுன்னு அர்த்தம். எழுதினேன். வரலை.

பேங்க் வேலையில கத்துக்கிட்டது ஒண்ணு இங்க உதவுச்சு. தொகை வரலைன்னா நேரா கடைசி ஆளைப் பிடிச்சுத் திட்டக் கூடாது. அனுப்பினாரா, அவர் பேங்க் தள்ளிவிட்டுச்சா, நடுவுல நின்னுச்சா, நம்ம கிளைக்கு வந்து வேற கணக்குல விழுந்துச்சான்னு ஒவ்வொரு படியாக் கேக்கணும். டிஸ்க்குக்கும் அதே வரிசைதான். கரண்ட், டேட்டா கேபிள், பயாஸ், கெர்னல், பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம், கடைசியா மவுண்ட். எந்தப் படி வரைக்கும் வந்திருக்குன்னு கண்டுபிடிச்சாப் போதும்.

"அக்கா, மெஷினை நிறுத்திட்டு மறுபடி போடு. போட்டதும் டெலிட் கீயைத் தட்டிக்கிட்டே இரு."

பயாஸ் திரையை வீடியோ கால்ல காட்டினாள். மூணாவது போர்ட் காலி. அப்படின்னா இது லினக்ஸ் பிரச்சினையே இல்லை. பயாஸுக்குத் தெரிஞ்சு லினக்ஸுக்குத் தெரியலைன்னா டிரைவர், ரெய்டு மோட்னு தேடலாம். பயாஸுக்கே தெரியலைன்னா பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுக்கணும்.

மூடியைக் கழட்டினாள். "டிஸ்க் மேல கையை வை. லேசா அதிருதா?"

"இல்லடா. ஜில்லுனு இருக்கு."

சுத்தவே இல்லை. மறுபடி மெஷினை நிறுத்தி, வயரைப் பிடுங்கச் சொல்லி, பவர் கனெக்டரைக் கழட்டிக் காட்டச் சொன்னேன். கறுகிப் போயிருந்தது. பழைய நாலு ஊசி கனெக்டரை சாட்டா கனெக்டரா மாத்தற சின்ன வயர். 2019ல மூணாவது டிஸ்க்குக்கு எஸ்எம்பிஎஸ்ல கனெக்டர் பத்தலைன்னு, புது எஸ்எம்பிஎஸ் வாங்கச் சலிச்சுக்கிட்டு நான்தான் அந்த வயரைப் போட்டேன். மலிவா வார்ப்படம் பண்ணின அந்த வகைக் கனெக்டர் உள்ளுக்குள்ள உருகி ஷார்ட் ஆகும்னு பின்னாடி படிச்சேன். படிச்சும் மாத்தலை.

நகல் டிஸ்க்கோட கனெக்டரைப் பிடுங்கி இதுல போட்டுப் பார்க்கலாமான்னு கை அரிச்சுது. ஷார்ட் ஆன டிஸ்க்கா இருந்தா நல்லா இருக்கிற லைனையும் சேர்த்துக் கெடுக்கும். வேண்டாம்னு விட்டேன். அக்கா பையன் திருப்பதியில படிக்கிறான். காலையில அவன் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிக்கிட்டு வர்றதுன்னு முடிவாச்சு.

"சரிடா, மெஷினை மூடி ஆன் பண்ணி வெச்சுட்டுக் கிளம்பறேன். பிரிண்டர் இதுலதானே இருக்கு, பசங்க காலையில சீக்கிரம் வந்துடுவாங்க."

"சரிக்கா" ன்னுட்டேன்.

எங்க நேரம் ஏழேகால். தங்கமணி தோசை போட்டுக்கிட்டு இருந்தாங்க. "நகல் இருக்குல்ல, அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. ஆமா, நகல் இருக்கு. நகல் பத்து மணிக்கு...

வயித்துல ஒரு கல் விழுந்த மாதிரி இருந்தது.

நான் எழுதி வெச்ச ஆர்சிங்க் கட்டளையில 'டெலிட்' சேர்த்திருந்தேன். அசல்ல இல்லாததை நகல்லயும் அழிச்சுடுன்னு அர்த்தம். ரெண்டும் அச்சா ஒரே மாதிரி இருக்கணும்னு ஒரு பேங்க்காரன் ஆசை. அதோட, எஃப்எஸ்டேப்ல 'நோஃபெயில்' போட்டிருந்தேன். ஒரு டிஸ்க் இல்லைன்னாலும் நிக்காம மெஷின் எழுந்துக்கட்டும், அக்காவுக்குத் தொந்தரவு வேண்டாம்னு. அது இல்லாம இருந்திருந்தா லினக்ஸ் எமர்ஜென்சி மோட்ல நின்னு 'டிஸ்க் வரலை'ன்னு கத்தியிருக்கும். இப்போ என்ன நிலைமை? டிஸ்க் மாட்ட வேண்டிய இடத்துல வெறும் காலி ஃபோல்டர். பத்து மணிக்கு ஆர்சிங்க் வரும். அசலைப் பார்க்கும். ரெண்டு எக்செல் தவிர ஒண்ணுமில்லை. நகல்ல இருக்கிற எல்லாத்தையும் துடைச்சுடும்.

ஆர்சிங்க் முட்டாள் இல்லை. படிக்கும்போது டிஸ்க் பிழை காட்டினா, அழிக்கிற வேலையைத் தானே நிறுத்திக்கும். ஆனா காலி ஃபோல்டர் பிழை இல்லையே! அதைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு உண்மையான சைபர்.

ஊர்ல மணி 9:48. அக்காவுக்குப் போட்டேன், எடுக்கலை. ஸ்கூட்டர்ல போய்க்கிட்டு இருப்பாள். எனிடெஸ்க்ல போகலாம்னா அவள் பொட்டியை மூடிட்டாள். 9:51. மறுபடி போட்டேன், எடுக்கலை.

ஆபீஸுக்குக் கீழ டிபன் கடை வெச்சிருக்கிறவன் என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். கரண்ட் மீட்டரும் மெயினும் மாடிப்படிக்குக் கீழ, அவன் கல்லாவுக்குப் பக்கத்துல.

"ஒரேய், பைன அக்க ஆஃபீஸு மெயின் ஆஃப் சேயிரா!"

"ஏமைந்திரா?"

"தர்வாத்த செப்தா. முந்து ஆஃப் சேயி!"

அப்புறம் சொல்றேன், முதல்ல நிறுத்துன்னேன். பின்னாடி தோசைக்கல் சத்தம், யாரோ சட்னி கேக்கற சத்தம், நடை, அப்புறம் 'டக்'னு ஒரு சத்தம். என் கைக்கடிகாரத்துல எங்க நேரம் 7:26.

யுபிஎஸ் இருக்கே, மெஷின் எப்படி நிக்கும்னு கேப்பீங்க. பேட்டரி செத்து ஆறு மாசமாச்சு. அதனாலதான் மத்தியானம் கரண்ட் போனதும் மெஷினும் போச்சு. மாத்தாம விட்டதுக்கு அக்காவை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! ஓடற மெஷினை இப்படி நிறுத்தறது தப்புதான். அன்னைக்கு வேற வழி தெரியலை.

ராத்திரி முழுக்க அப்பாவோட அந்தப் பென்சில் எழுத்துதான் கண்ணுக்குள்ள இருந்தது. சைபர் வேற, வரணும் வேற. முப்பது வருஷம் முன்னாடி அவர் சொன்னதை நான் தினமும் பேங்க்ல செய்யறேன். ஸ்டேட்மென்ட் வராத கணக்கை நில் பேலன்ஸ்னு ஒரு நாளும் காட்டினதில்லை. வீட்டுக்கு எழுதின பத்து வரி ஸ்கிரிப்ட்ல மட்டும் அதை மறந்துட்டேன்.

டிஸ்க் உலகத்துலயும் ரெண்டு வகையும் நடந்திருக்கு. 2009 தொடக்கத்துல சீகேட்டோட பாராகுடா 7200.11 வகை டிஸ்க்குகள்ல சிலது திடீர்னு பயாஸுக்கே தெரியாமப் போச்சு. ஃபர்ம்வேர்ல இருந்த பிழை; உள்ள இருந்த தகவல் அப்படியேதான் இருந்தது. சீகேட் அதை ஒத்துக்கிட்டுப் புது ஃபர்ம்வேர் கொடுத்தது. அது 'வரணும்' ரகம். 2019 நவம்பர்ல எச்பிஈ ஒரு எச்சரிக்கை விட்டது: அவங்க வித்த சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம், அதாவது மூணே முக்கால் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா ஓடினதும் செத்துடும், தகவலும் திரும்பாதுன்னு. அது நிஜமான சைபர். வெளியில இருந்து பார்த்தா ரெண்டுக்கும் ஒரே அறிகுறி, டிஸ்க்கைக் காணோம். அதனாலதான் எதுன்னு தெரியற வரைக்கும் எதையும் எழுதவும் கூடாது, அழிக்கவும் கூடாது.

சனிக்கிழமை மாப்பிள்ளை (அக்கா பையனை அப்படித்தான் கூப்பிடுவேன்) திருப்பதியில கடை திறந்ததும் எஸ்எம்பிஎஸ் வாங்கி, சந்திரகிரி வழியா பஸ் பிடிச்சு மத்தியானம் வந்து சேர்ந்தான். முதல் வேலையா நகல் டிஸ்க்கைக் கழட்டி மேஜை மேல வைக்கச் சொன்னேன். அப்புறம் புது எஸ்எம்பிஎஸ்ல கணக்கு டிஸ்க் மட்டும்.

"மாமா, சுத்துது!" ன்னான்.

பத்து மணி வேலையை முதல்ல எடுத்தேன். டிஸ்க்கைப் படிக்க மட்டும்னு மவுண்ட் பண்ணினேன். எல்லாம் இருந்தது. ஸ்மார்ட்சிடிஎல் போட்டு டிஸ்க்கோட உடம்பைப் பார்த்தேன். அஞ்சாம் எண் (மாத்தி வெச்ச செக்டார்) சைபர், 197 (சந்தேகத்துல இருக்கிற செக்டார்) சைபர். நிஜமான சைபர்தான், டிஸ்க்கே சொல்லுது :-) எல்லாத்தையும் ஒரு புது டிஸ்க்குக்கு எடுத்த பிறகுதான் ஆபீஸைத் திறந்துவிட்டேன்.

கூத்து ஒண்ணு பாக்கி. "அந்தப் பொண்ணு போட்ட ரெண்டு எக்செல்லைக் காணோம்டா!" ன்னாள் அக்கா. அது காலி ஃபோல்டர்ல, அதாவது எஸ்எஸ்டியில எழுதினது. மேல டிஸ்க்கை மாட்டினதும் அடியில மறைஞ்சுடுச்சு. டிஸ்க்கைக் கழட்டிப் பார்த்தா பத்திரமா இருந்தது. அதுவும் 'வரணும்'தான்! ரிட்டர்ன் எல்லாம் 30ஆம் தேதி ராத்திரி முடிஞ்சுது. அந்த வருஷம் கடைசித் தேதியைத் தள்ளியும் வைக்கலை.

ஊர்ல இப்படி ஒரு பொட்டியைக் கட்டி வெச்சுட்டு வெளிநாட்டுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்காக, நான் மாத்தினதைச் சொல்லிடறேன்.

1. ஸ்கிரிப்டோட முதல் வரி, 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளை வெச்சு டிஸ்க் மாட்டியிருக்கான்னு கேக்குது. அசல் டிஸ்க்குக்குள்ள ஒரு அடையாள ஃபைலும் வெச்சிருக்கேன். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் வேலை நிக்கும்.

2. டிஸ்க் மாட்டாத நேரத்துல காலி ஃபோல்டர்ல யாரும் எழுத முடியாதபடி 'சிஹெச்ஆட்டர்' போட்டுப் பூட்டியாச்சு.

3. அழிக்கறதுக்கு உச்சவரம்பு. 'மேக்ஸ்-டெலிட்'னு ஆர்சிங்க்ல இருக்கு. ஒரு நாள்ல நூறு ஃபைலுக்கு மேல அழிக்க விடாது.

4. அதே மெஷினுக்குள்ள இருக்கிற நகல் முழு நகல் இல்லை. மூணு பிரதி, ரெண்டு விதமான இடம், அதுல ஒண்ணு வேற கட்டடம். மாசம் ஒரு தடவை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எடுத்து அக்கா வீட்டு பீரோவுக்குள்ள வைக்கறா. அப்பாவோட ஸ்கேன் மட்டும் என்கிட்டயும் ஒண்ணு.

5. யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. அந்த மலிவு வயர் குப்பையில.

டிஸ்க் இல்லாம வேலை நின்னா எனக்கு ஒரு மெயில் வரும். அதுக்கு என்ன தலைப்பு வைக்கறதுன்னு யோசிச்சு, 'வரணும்'னு வெச்சேன். 2025 பிப்ரவரியில ஒரு ராத்திரி அந்த மெயில் வந்தது. ஆபீஸைத் தூசி தட்டும்போது டேட்டா கேபிள் தளர்ந்திருக்கு. காலையில அக்கா அழுத்திச் சொருகினாள், சரியாயிடுச்சு.

டிபன் கடைக்காரன்கிட்ட முழுக் கதையையும் அடுத்த லீவுலதான் சொன்னேன். ஒரு பிளேட் இட்லியைத் தள்ளிவிட்டு, அவ்வளவு முக்கியமான மெயினுக்குப் பக்கத்துல ஒரு பல்பாவது போடக்கூடாதா, அன்னைக்கு இருட்டுல எது எதுன்னு தெரியாம எல்லாத்தையும் சேர்த்து நிறுத்தினேன்னான்.

பல்பு போட்டாச்சு.